குளிர்காலத்துக்கு ஐந்து குட்டிகள்

காகிதம் மூன்று வாரமாக ரேடியோவுக்கு அடியில் கிடந்தது. அடுப்படி ஜன்னலோரம், குட்டி ஈன்ற விவரம் எழுதும் நோட்டுக்கும் நாயின் பூச்சி மருந்துக்கும் நடுவில். வானிலை கேட்க ஒரு நாளைக்கு நாலு தடவை எய்விந்த் அந்த ரேடியோவைத் தொட்டான். காகிதத்தைத் தொடவில்லை.

அதில் ஸ்வாவா கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் அவனுக்கான இடம் காலி. அவனும் போட்டால் மகள் டாக்னி அம்மாவோடு நோர்வே போவாள். போடாவிட்டால் போக முடியாது. பிரிந்தபோது பிள்ளைப் பொறுப்பு இருவருக்கும் சேர்த்துத்தான் என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஐஸ்லாந்தைவிட்டுக் கூட்டிப்போக மற்றவர் சம்மதம் வேண்டும். வழக்குப் போட்டும் வாங்கலாம், ஒரு வருஷம் இழுக்கும். ஸ்வாவாவுக்கு நோர்வே ஆஸ்பத்திரியில் வேலை அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது.

"பட்டி பிரிச்சு முடியட்டும்" என்று போனில் சொல்லியிருந்தான். அந்தப் பள்ளத்தாக்கில் செப்டம்பரில் எல்லாமே ஆடுகளை வீட்டுவாரியாகப் பட்டி பிரித்த பிறகுதான். பல் பிடுங்குவதும் கல்யாணம் பேசுவதும்கூட.

வெள்ளிக்கிழமை மாலை ஸ்வாவா வந்தபோது அவன் மேட்டிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தான். நாலு நாள் குதிரை மேல். கோடை முழுக்க மேட்டில் மேய்ந்த ஆடுகளைப் பதினாலு வீட்டு ஆட்களும் சேர்ந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் நாள் மழை, இரண்டாம் நாள் பனி கலந்த மழை, மூன்றாம் நாள் பனி, நாலாம் நாள் மறுபடி மழை. கம்பளிச் சட்டை அடுப்புக்கு மேலே தொங்கியது. காலுறையைப் பிழிந்தால் ஒரு கோப்பை தண்ணீர் வரும்.

கார் நின்றதும் டாக்னி இறங்கி, அப்பாவுக்கு ஒரு கையாட்டல் ஆட்டிவிட்டு, நாயோடு நேராகத் தொழுவத்துக்கு ஓடினாள். பதினோரு வயது. முகம் அம்மா, கை அப்பா. விரல்கள் இப்போதே நீளம், அகலம் மட்டும் இன்னும் வரவில்லை.

ஸ்வாவா வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"வாடை திரும்ப வந்துருச்சு."

"எந்த வாடை?"

"ஆட்டு வாடை. அது இல்லாம இந்த வீடு நல்லாவே இல்ல."

"வந்த புதுசுல மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தானே சாப்பிட்ட."

"அது ஆறு மாசம். அப்புறம் என் மேலயே அடிக்க ஆரம்பிச்சுது. வார்டுல ஒரு கிழவர் சொல்வாரு, நீ ஊசி போட வந்தா எங்க பண்ணைக்கே போன மாதிரி இருக்கும்மான்னு."

எய்விந்த் சிரித்தான். அவள் காபியை நின்றுகொண்டே குடித்தாள். கண் ரேடியோ பக்கம் போனது.

"போட்டியா?"

"ஞாயித்துக்கிழமை."

"திங்கக்கிழமை காலைல நான் அதை ஆபீஸ்ல குடுக்கணும்."

"ஞாயித்துக்கிழமைக்கு அடுத்து திங்கக்கிழமைதான் வரும்."

"கிண்டல் பண்ணாத. போடுவியா மாட்டியா, அதைச் சொல்லு. வழக்குக்குப் போக எனக்கு மனசில்ல. உனக்கும் இல்லன்னு தெரியும்."

"அவ என்ன சொல்றா?"

"அவகிட்டக் கேக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசித்தானே வச்சோம். அம்மாவா அப்பாவான்னு அவளைக் கேக்கறது பாவம் எய்விந்த். கேட்டியா?"

"கேக்கல."

"கேக்காத."

"கேக்க மாட்டேன்னு சொல்றேன்ல."

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பழைய இடத்திலேயே கவிழ்த்தாள், பார்க்காமல். "மேற்கேருந்து குட்டிங்க லாரில வந்து இறங்குனப்ப நீ என்ன சொன்ன? குட்டியா இருக்கறப்பவே கொண்டுவந்தா ஒரு வாரத்துல மறந்துரும், வயசான ஆட்டைத்தான் இடம் மாத்த முடியாதுன்னு."

"அது ஆட்டைப் பத்திச் சொன்னது."

"தெரியும்" என்றாள். அவளுக்கு இரவு வேலை இருந்தது. அக்குரேரி நகரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஞாயிறு மதியம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஆடுகள் இறங்கிய மாதம், ஓர் ஆடு தொழுவக் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றது. ஸ்வாவாதான் முதலில் பார்த்தாள். "அதுக்கு உதடு நடுங்குது பாரு" என்றாள். குளிர் என்றான் எய்விந்த். குளிர் இல்லை என்று அவனுக்கும் தெரியும். அந்த நடுக்க நோயின் பெயரை அவன் தாத்தா வீட்டுக்குள் சொல்ல விடமாட்டார். கால்நடை வைத்தியர் ஆட்டின் தலையைத் தலைநகருக்கு அனுப்பினார். பதில் வந்த ஆறாம் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகளும் போயின. நோய் வந்தது ஒன்றுக்குத்தான். ஆனால் மந்தையில் ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது, இரண்டு வருஷம் தொழுவத்தில் ஆடே இருக்கக் கூடாது. அதுதான் விதி.

மரத் தடுப்புகளைப் பிடுங்கி எரித்தான். வைக்கோலை எரித்தான். தரை மண்ணை ஒரு முழம் தோண்டி எடுத்துப் புதைத்தான். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தான். எல்லாம் ஐந்து மாதத்தில் முடிந்துவிட்டது. மிச்ச மாதங்கள் அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் தொழுவத்தின் கதவு தெரியும். அவன் குடிக்கவில்லை, கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. குடித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம் என்று ஸ்வாவா பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரியில் கூடுதல் நாள் வேலை கேட்டு வாங்கினாள். பிறகு நகரத்தில் ஓர் அறை எடுத்தாள். பிறகு டாக்னியின் பள்ளிக்கூடப் பையும் அந்த அறைக்குப் போனது. எந்த நாளில் பிரிந்தோம் என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் மேற்கு மாவட்டத்திலிருந்து தொண்ணூறு பெட்டைக்குட்டிகள் லாரியில் வந்தன. அந்த மாதமே நாட்டின் வங்கிகள் கவிழ்ந்தன. ஊர் முழுக்க வங்கியைப் பற்றிப் பேசியது, எய்விந்த் காதில் குட்டிகளின் கத்தல் மட்டும் விழுந்தது. மூன்று நாள் கத்தின. டாக்னி அந்த வாரம் இங்கே இருந்தாள். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, "அதுங்களுக்கு அம்மா வேணுமாப்பா?" என்றாள். "ஒரு வாரத்துல மறந்துரும்" என்றான் அவன். நாலாம் நாள் கத்தல் நின்றது. அவள் நம்பிவிட்டாள். அவனும்தான்.

வங்கிகள் கவிழ்ந்ததில் ஆஸ்பத்திரியில் ஆள் குறைத்தார்கள். ஸ்வாவாவின் வார்டில் பாதிப் பேர் நோர்வே போய்விட்டார்கள். இந்தக் கோடையில் அவளும் எழுதிப் போட்டாள்.

சனிக்கிழமை காலை வட்டப்பட்டியில் மூவாயிரம் ஆடுகள். நடுவில் பெரிய வட்டம், சுற்றிலும் வீட்டுக்கு ஒன்றாகச் சின்னப் பட்டிகள். ஆட்டின் கொம்பைப் பிடித்து, காலிடுக்கில் அதன் கழுத்தை வைத்து, காதைத் தடவிக் குறி பார்த்து, அவரவர் பட்டிக்கு இழுத்துப்போவார்கள். சேறு முழங்கால் வரை. ஆட்களின் மூச்சும் ஆடுகளின் மூச்சும் சேர்ந்து பட்டிக்கு மேலே ஆவியாக நின்றது. நாலு கிழவர்கள் வேலியில் சாய்ந்து ஆளுக்கொரு சுருதியில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டில் கை மாறிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு எய்விந்தின் பட்டியில் அவனுடைய காதுக்குறியோடு குட்டிகள் நின்றன. தாய்களின் காதில் இன்னும் மேற்கத்திக் குறிதான்.

பக்கத்துப் பண்ணைக் கோல்பெய்ன் ஓர் ஆட்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டே மூக்குப்பொடி போட்டான். அறுபது வயது. அவன் மந்தையும் அதே வருஷம் போனதுதான்.

"டேய் எய்விந்த், உன் ஆடுங்க எல்லாம் வெளியூர்க்காரிங்கடா. மேட்டுல ஒருத்திக்கும் வழி தெரியல."

"உன்னுதுக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

"என்னுது வழி தெரியலன்னா அங்கயே நின்னு திங்கும். என்னை மாதிரி. உன் சாம்பல்காரி இருக்காளே, மேற்கு ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டா. குட்டியையும் இழுத்துக்கிட்டு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பொறந்த வீட்டு வாசல்ல போய்க் கத்தியிருப்பா."

சாம்பல்காரி என்றது கிரானாவை. டாக்னியின் ஆடு. லாரியிலிருந்து இறங்கியபோது அவளே பெயர் வைத்தது. ஆற்றுக்கு இப்பால், தண்ணீரைப் பார்த்தபடி நின்றவளை எய்விந்த்தான் போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். டாக்னியிடம் சொல்லவில்லை. அவள் வட்டத்தின் மறுபக்கம் ஒரு கிடாக்குட்டி மேல் ஏறி உட்கார்ந்து, சேற்றில் விழுந்து, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காகிதம் என்னாச்சு?" என்றான் கோல்பெய்ன்.

"ரேடியோவுக்கு அடில இருக்கு."

"ரேடியோ கையெழுத்துப் போடுமா?"

எய்விந்த் ஒரு ஆட்டின் காதைத் தடவினான். அவனுடையதில்லை. விட்டான். "இன்னிக்கு மத்தியானம் டாக்னி அவளோட அஞ்சு குட்டியைப் பொறுக்குவா."

"ஆமா, முன்னெல்லாம் வருஷா வருஷம் பொறுக்குவாளே."

"ஃப்ளெக்காவைக் குளிர்காலப் பட்டில விட்டாள்னா, இங்கயே இருக்கணும்னு அவளுக்கு மனசிருக்கு. நான் போட மாட்டேன்."

"அது யாரு ஃப்ளெக்கா?"

"கிரானாவோட குட்டி. கறுப்புத் திட்டுப் போட்டது."

"லாரிக்குப் போற பட்டில விட்டா?"

"போட்டுருவேன்."

கோல்பெய்ன் தும்மினான். அவன் காலிடுக்கிலிருந்த ஆடு துள்ளியது. "ஒரு குட்டியைப் பிடிச்சு ஜட்ஜாக்கிட்டியேடா."

"அவகிட்டக் கேக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்."

"இது கேக்கறது இல்லியா?"

"இல்ல."

"சரி" என்றான் கோல்பெய்ன். "நீ சொன்னா சரி. ஆனா என் பொண்டாட்டி போறப்ப நான் எந்த ஆட்டையும் கேக்கல. நல்லபடியாப் போய்ட்டு வான்னு சூட்கேஸைத் தூக்கிக் கார்ல வச்சேன். பாதி வழில திரும்பி வந்துட்டா. அதான் என் தலையெழுத்து."

ஐந்து குட்டி பொறுக்குவது டாக்னிக்கு நாலு வயதில் தொடங்கியது. இலையுதிர் காலத்தில் எந்தக் குட்டி குளிர்காலத்துக்குத் தங்கும், எது லாரியில் கசாப்புக்குப் போகும் என்று பிரிக்கும்போது ஐந்து மட்டும் அவள் இஷ்டம். அதில் எய்விந்த் வாய் திறக்க மாட்டான். அவள் அழகு பார்த்துத்தான் எடுப்பாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், ஒரு கால் மட்டும் பழுப்பு, நெற்றியில் வெள்ளை. எலும்பும் தோலுமாக இருந்தாலும் நிறம் இருந்தால் போதும். அப்படித் தங்கிய ஒரு முக்கால் நொண்டி ஆடு நாலு வருஷம் வைக்கோல் தின்றது.

அப்போதெல்லாம் பிரித்து முடித்த வாரம் இரத்தக் குடல் செய்வார்கள். இரத்தத்தில் ரை மாவும் கொழுப்பும் கலந்து, ஆட்டு இரைப்பையில் நிரப்பித் தைத்து, அண்டாவில் வேகவைப்பது. டாக்னி மாவு கொட்டுவாள், பாதி தரையில். ஸ்வாவா தைப்பாள். ஆஸ்பத்திரித் தையல், ஒரே சீராக. "என் வயித்தைக் கிழிச்சா உன் வீட்டம்மாகிட்டதான் வருவேன்" என்று கோல்பெய்ன் சொல்வான். ஜன்னல் முழுக்க ஆவி படர்ந்து வெளியே எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அப்போது இல்லை.

மே மாதத்தில் ஸ்வாவா மூன்று வாரம் விடுப்பு எடுப்பாள், குட்டி ஈனும் காலத்துக்கு. அவளுக்குச் சின்னக் கை. எய்விந்தின் கை மண்வெட்டி, எந்த ஆட்டுக்குள்ளும் போகாது. குட்டி குறுக்கே கிடந்தால் ஸ்வாவாதான் சோப்புப் போட்டு முழங்கை வரை விட்டுத் திருப்புவாள். கண்ணை மூடிக்கொண்டுதான் திருப்புவாள். எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி முகம் இருக்கும்.

இந்த மே மாதம் அவள் இல்லை. டாக்னி மட்டும் வந்திருந்தாள். தாய்கள் எல்லாமே தலையீற்று. கிரானா விடிந்ததிலிருந்து முக்கினாள், ஒன்றும் வரவில்லை. குட்டியின் மூக்கும் ஒரு குளம்பும் தெரிந்தன, இன்னொரு கால் உள்ளே மடங்கியிருந்தது. எய்விந்தின் கை போகவில்லை. வைத்தியர் மூன்று பண்ணை தள்ளி இன்னொரு ஆட்டோடு இருந்தார். அவன் ஸ்வாவாவுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி, வைக்கோல் கட்டின் மேல் வைத்தான்.

"டாக்னி, கையைக் கழுவிட்டியா?" என்றது போன்.

"ம்."

"மெதுவா. அவ முக்கறப்ப நீ நிக்கணும், விட்டப்ப போகணும். என்ன தட்டுப்படுது?"

"கதகதன்னு இருக்கும்மா."

"அது சரி. என்ன தட்டுப்படுது?"

"முட்டி. முட்டி மாதிரி."

"அதுக்குக் கீழ போ. குளம்பு வரும். அதை உன் உள்ளங்கைக்குள்ள பொத்திக்க, அவளைக் கிழிச்சிறக் கூடாது. இப்ப முன்னாடி கொண்டா."

இரண்டு மணி நேரம். எய்விந்த் கிரானாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேறு வேலை அவனுக்கு இல்லை. குட்டி வழுக்கி வெளியே விழுந்தபோது டாக்னி அழுதாள், போனிலும் அழுகை கேட்டது. கறுப்புத் திட்டுப் போட்ட பெட்டை. மூன்று பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது கடைசியாக அன்றைக்குத்தான். ஒருத்தி போனில் என்றாலும்.

சனிக்கிழமை மதியம் தொழுவத்தில் இரண்டு பட்டி கட்டினான். இடது பக்கம் குளிர்காலத்துக்கு. வலது பக்கம் செவ்வாய்க்கிழமை லாரிக்கு. டாக்னி காலையிலேயே குட்டி ஈன்ற நோட்டை எடுத்துக் கால்சட்டைப் பையில் செருகியிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அந்த ஐந்து குட்டி விஷயத்தில் கேட்கும் பழக்கம் இல்லை.

அவள் இந்த முறை நிறம் பார்க்கவில்லை. குட்டியைச் சுவரோடு சாய்த்து, முதுகைத் தடவினாள். பின்பக்கம் இரண்டு கையையும் வைத்து இடுப்பு அகலம் பார்த்தாள். காதில் எண் பார்த்தாள், நோட்டைப் புரட்டினாள், உதட்டைக் கடித்தாள். ஒரு வெள்ளைக் குட்டியை இடது பக்கம் தள்ளினாள். இன்னொரு வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத, தடித்த, மந்தமான குட்டிகள்.

ஃப்ளெக்கா தானாக அவளிடம் வந்து முழங்காலில் முட்டியது. டாக்னி குனிந்து அதன் நெற்றியில் நெற்றியை வைத்தாள். பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். நோட்டைப் பார்க்கவில்லை. பிறகு வலது பக்கக் கதவைத் திறந்து அதை உள்ளே விட்டுக் கொக்கியை மாட்டினாள்.

மீதி இரண்டையும் பொறுக்கினாள். வெள்ளை.

"அஞ்சாச்சு" என்றாள்.

"ம்" என்றான். வைக்கோல் வாரப் போனான். வாரி முடித்த இடத்தையே திரும்ப வாரினான். ஃப்ளெக்கா வலது பட்டியில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஆட்டுக்கறிச் சூப் காலையிலிருந்து அடுப்பில் கிடந்தது. கிழங்கும் கேரட்டும் கரைந்து கெட்டியாகியிருந்தது. மழை நின்று, எதிர் மலைமேல் புதுப்பனி மேல் வெயில் அடித்தது. டாக்னி இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். அவன் முதல் கிண்ணத்தை இன்னும் கிண்டிக்கொண்டிருந்தான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தவன் வாய் திறந்தான்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்ட போல."

"யாரு சொன்னா?"

"ஃப்ளெக்காவை லாரிக்கு விட்டுட்டியே."

டாக்னி கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நிறம் இருக்கறதைத்தானே எப்பவும் எடுப்ப."

"அப்ப எனக்கு ஏழு வயசுப்பா." பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். சூப் பட்ட விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "இது பதினேழோட குட்டி. யாரும் தொடல, தானா பொறந்துச்சு. இது நாப்பத்திரெண்டு. நீ காபி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எந்திரிச்சு நின்னுச்சு. இது அறுபது, இது எட்டு, இது எழுபத்தொண்ணு. அஞ்சுக்கும் இடுப்பு அகலம். தாய் மாதிரியேதான் இதுங்களும் ஈனும். கை வைக்க வேண்டாம்."

அவன் நோட்டைப் பார்த்தான். அவனுடைய கோணல் கையெழுத்துதான்.

"ஃப்ளெக்காவுக்குக் கிரானா இடுப்புதான். தடவிப் பாத்தேன், ரொம்பக் குறுகல். அதுக்குக் கண்டிப்பா மாட்டிக்கும். அம்மா கை இருக்காது. நான் போயிட்டா என் கையும் இருக்காது. உன் கையை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? ரெண்டு மணி நேரம் அதோட தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. அது செத்துரும். அப்புறம் மறுபடி ஜன்னல்ல போய் உக்காந்துப்ப."

எய்விந்த் மேசைமேலிருந்த தன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் போவேனா இருப்பேனான்னு எனக்குத் தெரியாது" என்றாள். "அது நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டியது. போயிட்டேன்னா என்ன பண்றதுன்னு பாத்தேன். இருந்தேன்னா எதுவும் பிரச்னை இல்லையே."

நோட்டை மூடி அவன் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள், "ஒரு வாரத்துல மறந்துருமாப்பா?"

"எது?"

"நீதான் சொன்ன. குட்டியா இருக்கறப்ப கொண்டுபோனா மறந்துரும்னு. எனக்கும் அப்படி ஆயிருமா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் அவளை இங்கே கட்டிப்போடுகிற மாதிரி. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

"அன்னிக்கு எனக்குத் தெரியாமச் சொன்னேன். கிரானாவை எங்கருந்து திருப்பிக்கொண்டு வந்தேன் தெரியுமா? மேற்கு ஆத்தங்கரை. தண்ணியைப் பாத்துக்கிட்டு நின்னா. குட்டியும் பக்கத்துல நின்னுச்சு. அவ இங்க வந்து ஒரு வருஷம் ஆச்சு."

"மறக்கலையா?"

"மறக்கல. ஆனா புல்லு நல்லாத்தான் தின்னிருக்கா. கொழுத்துப்போய் இருக்கா."

டாக்னி யோசித்தாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

ஞாயிறு மதியம் ஸ்வாவா வந்தபோது காகிதம் மேசைமேல் இருந்தது. டாக்னி தொழுவத்தில். எய்விந்த் காபி ஊற்றினான். அவள் உட்காரவில்லை. காகிதத்தை எடுத்துக் கடைசிப் பக்கம் திருப்பினாள். கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, நோட்டில் எழுதுகிற அதே கோணல் எழுத்தில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது.

படித்தாள். "மே மாசம் மூணு வாரமா?"

"குட்டி ஈனுற காலம் முழுக்க. ஒவ்வொரு வருஷமும்."

"கோடை லீவுக்கு அனுப்பறேன்னுதான் சொல்லியிருந்தேனே."

"கோடைல ஆடு மேட்டுல இருக்கும். அவ வந்து என்னைப் பாத்துக்கிட்டிருக்கறதா? எனக்கு அவ மே மாசம் வேணும்."

"பள்ளிக்கூடம் நடக்கும் எய்விந்த். மூணு வாரம் விட மாட்டாங்க."

"கேட்டுப் பாரு. நோர்வேல ஆடு இல்லியா? அங்க இருக்கற வாத்தியாருக்கு ஆடு எந்த மாசம் ஈனும்னு தெரியாமயா இருக்கும்?"

ஸ்வாவா மறுபடி படித்தாள். "ஏன் இப்படி? நீ போட மாட்டேன்னுதான் நான் நினைச்சேன். வழி முழுக்க என்ன பேசறதுன்னு ஒத்திகை பாத்துக்கிட்டு வந்தேன்."

"நானும் போடறதா இல்ல."

"அப்புறம்?"

அவன் குட்டி ஈன்ற நோட்டை அவள் பக்கம் நகர்த்தினான். ஐந்து எண்களுக்குப் பக்கத்தில் பென்சில் வட்டம். கிரானாவின் பக்கத்தில், குறுகல், கை தேவை என்று சிறுபிள்ளை எழுத்து. அதற்கு நேரே குட்டியின் பெயர் ஒரு கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. ஸ்வாவா அதைப் பார்த்தாள். புரிவதற்கு அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குட்டி ஈன்ற நோட்டு படிக்கத் தெரிந்தவள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நீ கேட்டியா அவகிட்ட?"

"கேட்டேன்" என்றான். "நேராக் கேக்கல. கேட்டது தப்புதான்."

"ம்."

"கத்தறதுன்னா கத்து."

"கத்தல." கைப்பையில் பேனா தேடி, அவன் எழுதிய இரண்டு வரிக்குக் கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டாள். "டிக்கெட் நான் போடறேன். போன் பக்கத்துலயே இருப்பேன், வார்டுல இருந்தாலும் எடுப்பேன். ஆனா ஒண்ணு, அவ கை எத்தனை நாளைக்கு? பாத்தியா அந்த விரலை? உன் கைதான் அது."

"பாத்தேன்."

"அப்புறம் என்ன பண்ணுவ?"

"அப்புறம் பாக்கலாம்."

அவள் காபியைக் குடித்தாள், இந்த முறை உட்கார்ந்து. போகிற நேரத்தில் எய்விந்த் முன்னால் நடந்து தொழுவத்துக்குள் போனான். டாக்னி இடது பட்டியின் தடுப்பில் உட்கார்ந்திருந்தாள். அவன் வலது பட்டியின் கொக்கியை எடுத்தான். ஃப்ளெக்காவை மார்போடு தூக்கி, இரண்டு எட்டில் கடந்து, இடது பட்டியில் வெள்ளைக் குட்டிகளுக்கு நடுவில் விட்டான்.

"என்னுது அஞ்சுதான்" என்றாள் டாக்னி.

"இது என்னுது."

"அதுக்கு இடுப்பு குறுகல்னு சொன்னேன்ல."

"அதான் மே மாசம் வர்றியே. அம்மாவும் கையெழுத்துப் போட்டுட்டா."

டாக்னி அம்மாவைப் பார்த்தாள். ஸ்வாவா தலையை ஆட்டினாள். பெண் தடுப்பிலிருந்து இறங்கினாள். ஃப்ளெக்காவின் பின்பக்கத்தை மறுபடி ஒரு தடவை இரண்டு கையாலும் அளந்து பார்த்துவிட்டுக் காருக்குப் போனாள்.

அடுத்த மே மாதம் வந்தாள். ஃப்ளெக்காவுக்குக் குட்டி மாட்டிக்கொள்ளத்தான் செய்தது. ஒரு மணி நேரத்தில் எடுத்தாள், போனில் ஸ்வாவா. அதற்கு அடுத்த வருஷமும். பேச்சில் நோர்வேக்காரி மாதிரி ஓர் இழுப்பு வந்திருந்தது, கோல்பெய்ன் அதை நடித்துக் காட்டி அவளிடம் வைக்கோல் உருண்டையால் அடி வாங்கினான். மூன்றாவது வருஷம் கொஞ்சம் திணறினாள்.

நாலாவது மே மாதம் சோப்புப் போட்டுக் கையைக் கொண்டுபோனாள். விரல் போயிற்று. விரல் முட்டி போகவில்லை. திருப்பிப் பார்த்தாள், ஒருக்களித்துப் பார்த்தாள். ஃப்ளெக்கா கத்தியது. டாக்னி கையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். எய்விந்த் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தான். ஒரே அச்சு. இருவரும் சிரித்தார்கள், பிறகு ஓடிப்போய்க் கோல்பெய்னின் பொண்டாட்டியைக் கூட்டிவந்தார்கள். அவளுக்குச் சின்னக் கை.

ஐந்தாவது மே மாதமும் வந்தாள்.